மூன்று பிள்ளைகளின் தகப்பன்

கனகலிங்கத்தின் செத்த வீட்டில் மகாதேவி அழவில்லை என்பதை இணுவில் ஊர் இன்னும் மறக்கவில்லை.

பிரேதம் படலையைத் தாண்டும்போது அவள் அழவில்லை. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு நடந்தபோதும் கடலைப் பார்த்தபடி கல்லில் இருந்தாளே தவிர, கண் கலங்கவில்லை. ஊருக்கே உழைத்த மனிதனைக் கட்டியவளுக்கு இவ்வளவு கல் நெஞ்சா என்று வந்த சனம் வாசலிலேயே கதைத்தது. லண்டனிலிருந்து வந்து இறங்கிய மகன் சுபாங்கன் அதை அதிர்ச்சி என்று எண்ணினான். தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனால் சரியாகிவிடும் என்று பிடிவாதமாக நின்றான். அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் மகள் கேதீஸ்வரிக்கு மட்டும் தெரியும், அம்மாவின் இந்த மௌனம் அப்பாவின் சாவை விடப் பழையது என்று. ஆனால் அவளும் வாய் திறக்கவில்லை.

முப்பத்தொன்று முடிந்த கையோடு சனசமூக நிலையத்தார் நினைவுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முதல் உரசல் வந்தது.

சுபாங்கன் குளித்து, வேட்டி கட்டி, குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தான். கூட்டத்தில் வாசிக்கத் தகப்பனின் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதி வைத்திருந்தான். அம்மா ஒருதரம் கேட்டுப் பிழை இருந்தால் சொல்ல வேண்டும் என்றான்.

காங்கேசன்துறையில் பிறந்தது, அங்கேயே சீமெந்துத் தொழிற்சாலையில் சூளைப் பகுதி மேற்பார்வையாளரானது, இணுவிலில் கலியாணம் செய்தது, சண்டை தொடங்கித் தொழிற்சாலை நின்றபின் கூட்டுறவுச் சங்கக்கடையைப் பொறுப்பெடுத்தது, பிள்ளையார் கோயில் திருப்பணி, முன்பள்ளி, இரத்ததான முகாம் என்று நன்றாகவே எழுதியிருந்தான். மகாதேவி தேத்தண்ணீரை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரி மாலைக்குப் பூக் கோத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னாருக்குக் கேதீஸ்வரி, சுபாங்கன் என இரண்டு பிள்ளைகள்,” என்று அவன் வாசித்த இடத்தில் மகாதேவியின் கை நின்றது.

“ரெண்டில்லை தம்பி. மூண்டு.”

சுபாங்கனுக்கு விளங்காமல் இல்லை. தான் பிறப்பதற்கு முன் ஒரு அண்ணன் இருந்து, இடப்பெயர்வில் காய்ச்சல் வந்து செத்துப்போனான் என்பது அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அந்த அண்ணனின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பெயரை யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

“தெரியும் அம்மா. ஆனா இப்பிடியான கூட்டத்திலை உதெல்லாம் சொல்லுறேல்லை. இருக்கிற பிள்ளையளைத்தான் சொல்லுறது.”

மகாதேவி மகளைப் பார்த்தாள். கேதீஸ்வரி நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், விடுங்கோ அம்மா, அவன் எழுதினபடி வாசிக்கட்டும் என்றாள்.

தேத்தண்ணீர்க் கோப்பையை மகனுக்கு முன்னால் வைத்துவிட்டு மகாதேவி சேலை மாற்றப் போனாள்.

சனசமூக நிலைய மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கனகலிங்கத்தின் பெரிய படம், நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை. செயலாளர் சிவசுப்பிரமணியம் மாஸ்டர் வாசலுக்கே வந்து மகாதேவியை முன்வரிசையில் இருத்தினார். பேச்சுகள் முடிந்தபின் படத்துக்கு மாலை போட்டு, வந்த எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வசனம் சொன்னால் போதும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கேற்றி, தேவாரம் பாடி, மௌனமாக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். சுபாங்கன் எழுதியபடியே வாசித்தான். இரண்டு பிள்ளைகள் என்றே வாசித்தான். பிறகு ஒவ்வொருவராக வந்து பேசினார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் மகாதேவிக்குப் பாரமாக இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சங்கக்கடையில் ஒரு கைப்பிடி சீனிகூடக் களவு போகாமல் பங்கிட்டவர் என்றார் ஒருவர். உண்மை. அந்த நாட்களில் அவள் வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணீர் குடித்தார்கள். தங்களுக்குரிய பங்கையும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுத்துவிட்டு வருவார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் மண்டபத்தில் ஊர்ப் பிள்ளைகளை இருத்தித் தேவாரம் பழக்கியவர் என்றார் இன்னொருவர். அதுவும் உண்மை. அநாதையாகக் கிடந்த பிரேதங்களை எடுத்துத் தன் கையால் கொள்ளி வைத்தவர் என்று மூன்றாமவர் சொன்னார்.

கடைசியாக நீர்வேலிச் செல்வரட்ணத்தைக் கூப்பிட்டார்கள். வாழைத் தோட்டக்காரன். முன்பு சங்கக்கடையில் கனகலிங்கத்தின் கீழ் வேலை செய்தவன். மேடையேறிப் பழக்கமில்லாதவன், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வைப் பற்றித்தான் அவன் சொன்னான். இராணுவம் நெருங்க, இரவோடிரவாக வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த நாள். தன் தாய் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தாள். அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் தான் சங்கக்கடை வாசலில் நின்று அழுததையும், கனகலிங்கம் அண்ணை தன் சைக்கிளைக் கொண்டுவந்து, பின்கரியரில் பலகை கட்டி, தாயை அதில் இருத்திச் சால்வையால் சைக்கிள் சீற்றோடு சேர்த்துக் கட்டியதையும் சொன்னான். கொட்டும் மழைக்குள், நெரிபடுகிற சனத்துக்குள், கைதடி வரைக்கும் அண்ணை சைக்கிளை உருட்டினார். பிறகும் திரும்பிப் போய், நடக்கமாட்டாத வேறு கிழடுகளையும் ஏற்றி வந்தார்.

“என்ரை அம்மா அதுக்குப் பிறகு பன்ரண்டு வருசம் இருந்தவ,” என்று சொல்லி அவன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். “அண்ணை தந்த உயிர்.”

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மகாதேவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சைக்கிளை அவளுக்குத் தெரியும். அன்று பின்னேரமே நடுப்பிள்ளை வாகீசனுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூன்று வயதுப் பிள்ளை. கேதீஸ்வரி அப்போது சிறுமி. ஒலிபெருக்கியில் ஊரை விட்டு எழும்பச் சொல்லிக் கத்தியதும், பிள்ளையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவோம் என்றுதான் மகாதேவி உடுப்புகளைக் கட்டினாள். கனகலிங்கம் முற்றத்தில் சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நீ சனத்தோடை முன்னுக்குப் போ, நான் பின்னாலை வாறன் என்றார். செல்வரட்ணத்தின் தாயைப் பற்றிச் சொன்னார். உனக்கு நடக்கக் கால் இருக்கு, அந்த மனிசிக்கு இல்லை என்றார். அவர் சொன்னதில் பிழை பிடிக்க அவளுக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போதும் அது பிழை என்று நிறுத்திச் சொல்ல அவளால் முடியாது.

இடுப்பில் வாகீசன், கையில் கேதீஸ்வரி, தலையில் மழை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இடம் கிடைத்தது. மருந்து கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய வாகீசனுக்கு இழுப்பு வந்து மூச்சு நின்றுபோனது. கனகலிங்கம் அன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்.

வந்தவர் சால்வையில் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். சின்னப் பிள்ளை, எரிப்பதில்லை, புதைப்பதுதான். பெண்கள் போவதும் இல்லை. பின்னேரம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். எங்கே வைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். பிறகு பார்ப்போம் என்றார். ஊருக்குத் திரும்பிய பிறகும் கேட்டாள். அதைக் கதைக்காதே என்றார். சுபாங்கன் வயிற்றில் இருந்தபோது கேட்டாள். எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது, இனி நேரமில்லை என்று தெரிந்து, அவர் காதடியில் குனிந்து கடைசியாகக் கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். யன்னலைச் சாத்து, குளிருது என்றார். அடுத்த நாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாஸ்டர் பெயர் சொல்லி அழைத்தபோது மகாதேவி எழும்பினாள். கேதீஸ்வரி முழங்கையைத் தொட்டு, கும்பிட்டுப்போட்டு வாங்கோ அம்மா, கதைக்க வேண்டாம் என்று மெல்லச் சொன்னாள்.

மகாதேவி மாலையைப் போட்டாள். கும்பிட்டாள். பிறகு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கள் எல்லாரும் சொன்னது உண்மை. அவர் நல்ல மனிசன். என்ரை மகன் வாசிச்சதிலை மட்டும் ஒண்டு விடுபட்டுப் போச்சு. அவருக்கு ரெண்டு பிள்ளையள் இல்லை, மூண்டு. நடுவிலான் வாகீசன். செல்வரட்ணத்தின்ரை தாய் சைக்கிளிலை போன அண்டைக்கு, அவனைக் காய்ச்சலோடை நான் இடுப்பிலை காவிக்கொண்டு நடந்தனான். கொடிகாமத்திலை செத்துப்போனான். எங்கை தாட்டது எண்டு இவர் எனக்குச் சொல்லேல்லை. சொல்லாமலே போயிட்டார். இவரின்ரை கதையைச் சொல்லேக்கை இனிமேல் இதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.”

இறங்கி வந்து தன் கதிரையில் இருந்தாள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமி, நேரமாகிவிட்டது என்று சொல்லி, நன்றியுரையை விழுங்கி விழுங்கி முடித்தார். வடையும் பிளேன்டீயும் கொடுத்தார்கள். மகாதேவிக்குப் பக்கத்தில் வந்து இருக்க யாருக்கும் துணிவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, செத்தவனைச் சந்தியில் வைத்துக் கேட்கிற கேள்வியா இது என்று மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

செல்வரட்ணம் தேத்தண்ணீருக்கு நிற்கவில்லை. தலையைக் குனிந்தபடி பக்கக் கதவால் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சுபாங்கன் வெடித்தான்.

“அப்பாவுக்கு எண்டு இருந்தது அந்த மரியாதை ஒண்டுதான் அம்மா. காசு பணம் சேர்க்கேல்லை, வீடு வாசல் கட்டேல்லை. அந்தப் பேரையும் இண்டைக்கு மேடையிலை ஏறி உடைச்சுப்போட்டியள்.”

“நான் என்னத்தைப் பொய் சொன்னனான்?”

“பொய் எண்டு சொல்லேல்லை. அங்கை ஏன் சொன்னனீங்கள் எண்டுதான் கேக்கிறன்.”

“வீட்டிலை சொன்னன். காலமை சொன்னன். நீ கேட்டனியோ?”

அவன் அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தான்.

கேதீஸ்வரி குசினித் தூணில் சாய்ந்து நின்றாள். மகாதேவி அடுப்பில் பானையை வைத்துவிட்டு, அரிசி களைய மறந்து, அப்படியே நின்றாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கேதீஸ்வரி சொன்னாள்.

“அம்மா, அண்டைக்கு அப்பா தனியப் போகேல்லை. அப்பாவோடை வந்த செல்வரட்ணம் மாமாவும் போனவர். மண்வெட்டி அவரின்ரை கையிலைதான் இருந்தது. நான் விறாந்தையிலை நிண்டு பார்த்தனான்.”

மகாதேவி திரும்பினாள். இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

“நீங்கள் அப்பாவைத்தான் கேட்டியள். என்னை ஒருநாளும் கேக்கேல்லை. இந்த வீட்டிலை அவன்ரை பேரை எடுத்தால் நீங்கள் ஒரு மூலையிலை போய் இருப்பியள், அப்பா கோயிலுக்குப் போயிடுவார். எனக்கு ஆர் இருந்தது அம்மா? என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிற பிள்ளை அவன்.”

கேதீஸ்வரிக்கும் ஒரு தம்பி செத்துப்போனான் என்பதை மகாதேவி அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல நின்றாள். தன் துக்கத்தைத் தனக்கு மட்டும் உரியதென்று பூட்டி வைத்திருந்தவர் கனகலிங்கம் மட்டுமல்ல என்று அவளுக்குப் பட்டது. அது கசந்தது. ஆனால் அதை ஆற அமர்ந்து நினைக்க அவளுக்கு நேரமில்லை. அடுப்பை அணைத்தாள்.

“தம்பியைக் காரை எடுக்கச் சொல்லு, பிள்ளை. நீர்வேலிக்குப் போகவேணும்.”

சுபாங்கன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாடகைக் காரை எடுத்தான். ஆனால் எடுத்தான்.

செல்வரட்ணத்தின் வீடு வாழைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. அவர்கள் போனபோது அவன் கூட்டத்துக்குக் கட்டிய வேட்டியோடே கிணற்றடியில் குந்தியிருந்தான். மகாதேவியைக் கண்டதும் எழும்பி, வருவீர்கள் என்று தெரியும் அக்கா என்றான். உள்ளே வரச் சொன்னான். அவள் வரவில்லை. முற்றத்திலேயே நின்றாள். பிள்ளைகள் இருவரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

“தம்பி, உம்மடை தாய் பிழைச்சதுக்கு நான் கவலைப்படேல்லை. அதை மனசிலை வைச்சுக்கொண்டு இஞ்சை வரேல்லை. என்ரை பிள்ளை எங்கை கிடக்கிறான் எண்டு உமக்குத் தெரியுமோ?”

“தெரியும் அக்கா.”

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தென்னங்காணி, அதன் வடக்கு எல்லையில் ஒரு பூவரச மரம், அதற்குக் கீழே என்றான். இடத்தை மறக்க வழியில்லை, வருசா வருசம் போய்வந்த இடம் என்று சொல்லிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்னவன்போல நின்றான்.

“ஆர் போனது?”

“அண்ணை. நானும் கூடப் போறனான். ஐப்பசி முடிவிலை. சண்டையிலை பாதை பூட்டியிருந்த வருசங்கள் மட்டும் போகேல்லை.”

மகாதேவி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசி முடிவில் கொடிகாமத்துப் பிள்ளையார் கோயிலில் தனக்கு ஒரு உபயம் இருக்கிறது என்றுதான் கனகலிங்கம் சொல்லிவிட்டுப் போவார். வேட்டி சால்வையை அவள்தான் தோய்த்து மடித்துக் கொடுப்பாள். வாழையிலையில் சோறு கட்டிக் கொடுப்பாள். ஒருமுறை, நானும் வரட்டோ என்று கேட்டாள். சனக்கூட்டம், உனக்கு முழங்கால் நோகும் என்றார். தன் முழங்காலை நினைத்தாரே என்று அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“அங்கை போய் என்ன செய்யிறவர்?”

“ஒண்டும் செய்யார். மரத்தடியிலை இருப்பார். பையிலை கொண்டுபோன சோத்திலை ஒரு பிடி வைப்பார். பிறகு அழுவார் அக்கா. சின்னப் பிள்ளை மாதிரி அழுவார். முகத்தைக் கழுவிக்கொண்டுதான் பஸ் ஏறுறது.”

கேதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். சுபாங்கன் தலையைத் திருப்பி வாழைகளுக்குள் பார்த்தான். ஒரு நாளும் தகப்பன் அழுது அவன் கண்டதில்லை.

மகாதேவி கிணற்றுக் கட்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்.

“எனக்குக் காட்டச் சொல்லி உம்மட்டை ஒருநாளும் சொல்லேல்லையோ? கடைசியிலை ஆஸ்பத்திரியிலையும்?”

செல்வரட்ணம் நிலத்தைப் பார்த்தான்.

“இல்லை அக்கா. நான் கேட்டனான். தனக்கு ஏதும் நடந்தாலும் வாய் திறக்கக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவர். ‘அந்த இடத்தைக் கண்டால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள்’ எண்டவர்.”

“காணாமலும் நான் மன்னிக்கேல்லை,” என்றாள் மகாதேவி. “அது அவருக்குத் தெரியாமப் போச்சு.”

அவள் காரை நோக்கி நடந்தாள். செல்வரட்ணம் பின்னால் ஓடிவந்தான். இன்னொன்றும் இருக்கிறது என்றான். அந்தத் தென்னங்காணியை உரித்துக்காரர் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். மதில் கட்டுகிற வேலை நடப்பதாகக் கேள்வி. கனகலிங்கத்துக்கு அது தெரியுமா என்று சுபாங்கன் கேட்டான். ஆஸ்பத்திரியில் வைத்துத் தான் சொன்னதாகவும், அதற்குப் பிறகு அண்ணை சாப்பாட்டைத் தொடவில்லை என்றும் செல்வரட்ணம் சொன்னான்.

“அம்மா, நாளைக்குக் காலமை போவம்,” என்றான் சுபாங்கன். அவன் குரலில் வீட்டில் இருந்த சூடு இல்லை. “இப்ப போய்ச் சேரப் பொழுதுபட்டுப் போம்.”

மகாதேவி முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினாள். செல்வரட்ணம் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கேதீஸ்வரியோடு பின்னால் ஏறினான்.

கார் கோப்பாய்ச் சந்தியில் திரும்பிக் கைதடிப் பக்கம் ஓடியது. இரண்டு பக்கமும் வெட்டவெளியும் உப்புத் தண்ணீரும். அன்று இந்த வழியால்தான் அவள் நடந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் இதால் போய் வந்திருக்கிறாள். ஆனால் போக ஒரு இடம் இருந்து போவது இதுதான் முதல் தடவை.

பாலத்தை நெருங்கும்போது செல்வரட்ணம் கொடிகாமத்தில் தனக்குத் தெரிந்த ஒருவனுக்குப் போன் எடுத்தான். காணியில் இப்போது யாரும் நிற்கிறார்களா என்று விசாரித்தான். பிறகு ஓம், ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

போனைக் கீழே இறக்கியபோது அவன் முகம் வெளிறியிருந்ததைச் சுபாங்கன் கண்ணாடியில் கண்டான்.

“என்ன மாமா?”

“வடக்கு எல்லையிலை நிண்ட மரத்தை நேற்றுத் தறிச்சுப்போட்டினமாம். மெசின் கொண்டுவந்து வேரோடை கிண்டி எடுத்தவையாம். கிண்டேக்கை...” அவன் முடிக்கவில்லை. “கிண்டேக்கை சின்ன எலும்புகள் கண்டு வேலையை நிப்பாட்டிப்போட்டு, இப்ப பொலிஸ் வந்து நிக்குதாம்.”

சுபாங்கனின் கால் தன்பாட்டில் பிரேக்குக்குப் போனது. கேதீஸ்வரி பின்னாலிருந்து கையை நீட்டித் தாயின் தோளைப் பிடித்தாள். மகாதேவி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை வீதியிலிருந்து எடுக்கவில்லை.

“நிப்பாட்டாதை தம்பி,” என்றாள். “அவனைக் கேட்டு ஆரும் வரேல்லை எண்டு பொலிஸ்காரர் எழுதிக்கொள்ளுறதுக்கு முன்னம் நான் அங்கை நிக்கவேணும்.”